வெள்ளைப் பலகையில் குறையும் எண்

விண்கலத்தில் ஒரு சிறிய அறை. சுவரில் வெள்ளைப் பலகை ஒன்று மாட்டியிருக்கிறது. நம் ஊர் டியூஷன் வகுப்புகளில் மாட்டியிருப்பார்களே, அதே மாதிரியான பலகை. அதில் மார்க்கர் பேனாவால் ஓர் எண் எழுதியிருக்கிறது. மனித இனத்தில் உயிரோடு மிஞ்சியவர்கள் அத்தனை பேர்தான். பன்னிரண்டு கிரகங்களும் அழிந்துபோய், கப்பல்களில் ஏறித் தப்பியவர்கள் ஐம்பதாயிரம் சொச்சம்.

'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா' என்ற அமெரிக்க அறிவியல் புனைவுத் தொடரின் முதல் பகுதிக்கு '33' என்று பெயர். 33 நிமிடங்களுக்கு ஒருமுறை எதிரி வந்துவிடுகிறான். அவன் வருவதற்குள் எல்லாக் கப்பல்களும் வேறிடத்துக்குத் தாவிவிட வேண்டும். ஐந்து நாட்களாக யாரும் தூங்கவில்லை. 237 முறை தாவியாகிவிட்டது. 1,345 பேர் இருக்கும் பயணிகள் கப்பல் ஒன்றை வைத்துத்தான் எதிரி பின்தொடர்கிறான் என்று சந்தேகம் வருகிறது. அதைச் சுட்டுவிடும்படி ஜனாதிபதி லாரா ராஸ்லின் சொல்கிறார். சுடுகிறார்கள். அழிவுக்கு முன்புவரை அவர் கல்வி அமைச்சர். பதவி வரிசையில் 43-ஆவது இடத்தில் இருந்தவர். மேலே இருந்த 42 பேரும் இறந்துபோனதால் நாற்காலி அவரிடம் வந்தது. பகுதியின் முடிவில் உதவியாளர் ஒரு செய்தி கொண்டுவருகிறார்: ஒரு கப்பலில் ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. ராஸ்லின் எழுந்துபோய்ப் பலகையில் கடைசி இலக்கத்தை அழித்துவிட்டு ஒன்றைக் கூட்டி எழுதுகிறார். 47,973.

அறிவியல் புனைவுத் தொடர்களில் இருள் மிகுந்துவிட்டது என்று பலரும் சொல்கிறார்கள். ரத்தம், கொலை, நம்பிக்கையின்மை என்று பட்டியலும் தருகிறார்கள். ரத்தமும் கொலையும் 1950-களிலிருந்தே அந்தத் தொடர்களில் உண்டு. பிற்பாடு புதிதாக வந்தது நினைவு. அந்த எண் அடுத்த வாரமும் வந்து நிற்கிறது. அதற்கடுத்த வாரமும் நிற்கிறது. செத்தவர்களைத் தொடர் மறப்பதில்லை. இருள் என்று நாம் உணர்வது பெரும்பாலும் இந்த மறக்காமையைத்தான் என்பது என் எண்ணம். அது எப்படி வந்தது என்பதற்குத் தொலைக்காட்சித் தொழிலுக்குள்ளேயே காரணங்கள் இருக்கின்றன.

ராட் சர்லிங்கிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டாம் உலகப் போரில் பிலிப்பைன்ஸில் பாராசூட் படைவீரராகச் சண்டையிட்டவர்; திரும்பி வந்து தொலைக்காட்சிக்கு நாடகங்கள் எழுதினார். 1955-இல் மிசிசிப்பியில் எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவன் அடித்துக் கொல்லப்பட்டான். கொன்றவர்களை நீதிமன்றம் விடுதலை செய்தது. அதை வைத்து சர்லிங் எழுதிய நாடகம் 1956-இல் ஒளிபரப்பானபோது அது வேறொன்றாகியிருந்தது. விளம்பரதாரர்களுக்கு வந்த எதிர்ப்புக்குப் பயந்து கதையின் இடத்தைத் தெற்கிலிருந்து வடகிழக்குக்கு மாற்றினார்கள். தென்மாநிலத்தின் வாசனை எதுவும் இருக்கக்கூடாது என்று அரங்கில் இருந்த கோக்க-கோலா பாட்டில்களைக்கூட எடுத்துவிட்டார்கள். சொல்ல நினைத்ததை மண்ணில் நின்று சொல்ல முடியாது என்று தெரிந்துகொண்ட சர்லிங், 1959 அக்டோபரில் 'தி ட்வைலைட் ஸோன்' தொடரைத் தொடங்கினார். செவ்வாய்க்கிரகவாசி பேசினால் எந்த விளம்பரதாரரும் பதறமாட்டார்.

1960 மார்ச்சில் வந்த 'மேப்பிள் தெரு' கதையில் சாயங்கால நேரத்தில் தெருவில் மின்சாரம் போய்விடுகிறது. ஒரு வீட்டுக்காரரின் கார் மட்டும் தானாகக் கிளம்புகிறது. அவ்வளவுதான். அவர் வேற்றுலகவாசியாக இருப்பாரோ என்று அண்டை வீட்டார் பேசத் தொடங்குகிறார்கள். ராத்திரிகளில் தூக்கம் வராமல் வாசலில் நின்று வானத்தைப் பார்ப்பார் என்று ஒரு பெண் நினைவுகூர்கிறாள். அடுத்த தெருவுக்குப் போய்விட்டு இருட்டில் நடந்து வரும் அண்டை வீட்டுக்காரரையே ஒருவன் சுட்டுவிடுகிறான். குன்றின் மேல் இரண்டு வேற்றுலகவாசிகள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் விளக்கை அணைத்துப் போட்டதைத் தவிர ஒன்றும் செய்யவில்லை. புயலுக்குப் பிறகு மூன்று நாள் மின்சாரமில்லாமல் கிடந்த எந்தச் சென்னைத் தெருவும் இந்தக் கதையின் முதல் பாதியை அறியும். எதிர்வீட்டில் மட்டும் எப்படி விளக்கு எரிகிறது என்று கேட்டவர்கள் நாம்.

ஆனால் அந்த இருள் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அடுத்த வாரம் வேறு கதை, வேறு மனிதர்கள். நீதிக்கதை போல ஒன்றைச் சொல்லிவிட்டு நம்மை விட்டுவிடும்.

தொடர்ந்து வரும் பாத்திரங்கள் இருந்த தொடர்களிலும் இதே கதைதான். 1980-களில் தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் 'ஸ்டார் டிரெக்' வரும். மேற்கு மாம்பலத்தில் எதிர்வீட்டுக் கூடத்தில் பத்துப் பதினைந்து பேர் தரையில் உட்கார்ந்து பார்ப்போம். ஆங்கிலம் பாதிதான் புரியும். கூர்மையான காதுக்காரரை எல்லோருக்கும் பிடிக்கும். அந்தத் தொடரில் 1967 ஏப்ரல் 6-ஆம் தேதி அமெரிக்காவில் ஒளிபரப்பான பகுதியில் தளபதி கர்க் 1930-ஆம் ஆண்டுக்குப் போய் ஒரு பெண்ணைக் காதலிக்கிறார். அவள் இறந்தால்தான் வரலாறு சரியாக நடக்கும். வண்டி வருகிறது, காப்பாற்ற ஓடும் நண்பரைக் கர்க்கே பிடித்து நிறுத்துகிறார். அடுத்த வாரம், ஏப்ரல் 13-ஆம் தேதி ஒளிபரப்பான பகுதியில் அவருடைய சொந்த அண்ணன் இறந்துகிடக்கிறார். அதற்குப் பிறகு வந்த பகுதிகளில் அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அண்ணனைப் பற்றியும் இல்லை. கர்க் சிரித்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.

எழுத்தாளர்களைக் குறை சொல்ல முடியாது. அமெரிக்காவில் முதல் ஒளிபரப்பு முடிந்த தொடர்களை உள்ளூர் நிலையங்களுக்கு மொத்தமாக விற்பார்கள். எந்த நிலையம் எந்தப் பகுதியை எந்த நாளில் போடும் என்று சொல்ல முடியாது. எங்கே எடுத்தாலும் புரிய வேண்டும். ஆகவே, ஒவ்வொரு பகுதியும் தொடங்கிய இடத்திலேயே முடிய வேண்டும். பணம் அந்த மறுவிற்பனையில்தான் இருந்தது. மூன்றே பருவங்கள், 79 பகுதிகள் ஓடி நின்றுபோன 'ஸ்டார் டிரெக்' பெரும் புகழ் பெற்றது அந்த மறு ஒளிபரப்பில்தான். அந்த வியாபாரத்தில் துக்கம் அனுஷ்டிக்க இடமில்லை.

இந்த ஏற்பாடு 1990-கள் வரைக்கும் நீண்டது. 'வாயேஜர்' என்ற தொடரில் பூமியிலிருந்து 70,000 ஒளியாண்டுத் தொலைவில் ஒரு கப்பல் தன்னந்தனியாக மாட்டிக்கொள்கிறது. வீடு திரும்ப எழுபத்தைந்து ஆண்டுகள் ஆகும். இதைவிடக் கொடிய நிலை வேறென்ன வேண்டும்? ஆனால் ஒவ்வொரு வாரமும் கப்பல் கழுவித் துடைத்ததுபோல நிற்கும். 1997-இல் அந்தக் கப்பல் ஓராண்டு சிதைவதை இரண்டு பகுதிகளில் காட்டினார்கள். பார்க்கவே பதறும். முடிவில் காலத்தையே பின்னோக்கித் திருப்பி எதுவும் நடக்காததாக ஆக்கிவிட்டார்கள்.

பிரிட்டனில் கொஞ்சம் வேறு மாதிரி. 'டாக்டர் ஹூ' தொடரின் டலெக்குகள் என்ற வேற்றுலக இனத்தவர் 1963-லேயே நாஜிகளின் சாயலோடு வந்தார்கள். 1975-இல் டாக்டர் இரண்டு மின்கம்பிகளைக் கையில் வைத்துக்கொண்டு, இவற்றைத் தொடவைத்து அந்த இனத்தையே பிறக்கும் முன் அழிக்க எனக்கு உரிமை இருக்கிறதா என்று கேட்டு நின்றார். 'பிளேக்ஸ் செவன்' நான்கு பருவங்கள் ஓடி, 1981 டிசம்பர் 21 அன்று, கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் முன்னால், தன் நாயகர்களை ஒவ்வொருவராகச் சுட்டு வீழ்த்தி முடிந்தது. தலைவன் பிளேக்கைத் தவறாகப் புரிந்துகொண்டு அவன் தோழனே சுடுகிறான். கலகக்காரர்கள் தோற்பார்கள் என்பதைவிட, அவர்கள் ஒருவரை ஒருவர் நம்ப முடியாதவர்களாக ஆகிவிடுவார்கள் என்பதைத்தான் நான்கு ஆண்டுகளாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லி வந்திருக்கிறார்கள்.

அமெரிக்கத் தொடர்களில் திருப்பம் என்று நான் எண்ணுவது 1998 ஏப்ரலில் வந்த 'டீப் ஸ்பேஸ் நைன்' பகுதி ஒன்று. அந்தத் தொடர் ஒரு போரை வாரக்கணக்கில் நீட்டிக் காட்டத் துணிந்திருந்தது. தளபதி சிஸ்கோ ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இறந்தவர்கள், காயமடைந்தவர்கள், காணாமல் போனவர்களின் பட்டியலைச் சுவரில் ஒட்டுகிறார். எல்லோரும் வந்து தெரிந்த பெயர் இருக்கிறதா என்று தேடுகிறார்கள். அந்தப் பட்டியலைப் பார்த்துப் பார்த்து, நடுநிலையில் இருக்கும் ரோமுலர்கள் என்ற வேற்றுலக இனத்தவரைப் போருக்குள் இழுக்க அவர் போலி ஆதாரம் தயாரிக்கிறார். அதற்காக ஒரு குற்றவாளியை விடுவிக்கிறார், லஞ்சம் கொடுக்கிறார், பொய் சொல்கிறார். கடைசியில் ஒரு செனட்டரும் அந்தக் குற்றவாளியும் கொல்லப்படுகிறார்கள். திட்டம் பலிக்கிறது. இதையெல்லாம் நம்மைப் பார்த்து, தன் குறிப்பேட்டுக்காகப் பேசிப் பதிவு செய்கிறார் சிஸ்கோ. இதோடு என்னால் வாழ முடியும் என்கிறார். இன்னொரு முறையும் சொல்கிறார். பிறகு அந்தப் பதிவை அழித்துவிடும்படி கணினிக்கு உத்தரவிடுகிறார்.

முதல்முறை பார்த்தபோது அந்த அழிப்பில்தான் எனக்கு நெஞ்சு அடைத்தது. பழைய தொடர்களில் மறதி எழுதப்படாத விதி. இங்கே ஒரு மனிதர் அதைத் தானே கேட்டு வாங்கிக்கொள்கிறார்.

இந்தத் தொடரில் எழுதியவர்களில் ஒருவர் ரொனால்ட் டி. மூர். பிறகு 'வாயேஜருக்கு'ப் போனார். சில வாரங்களில் விலகினார். உணவும் உதிரிப்பாகமும் தீர்ந்துபோக வேண்டிய கப்பலில் எதுவும் தீராமல் இருப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. அவர் 2003-இல் புதிதாக உருவாக்கியதுதான் கலாக்டிகா. அங்கே தண்ணீர் தீரும், தோட்டா தீரும், மருந்து தீரும். பலகையில் எண் குறையும்.

2006-இல் தொடங்கிய மூன்றாம் பருவத்தில் மனிதர்கள் குடியேறிய இடத்தை இயந்திரங்களான சைலான்கள் கைப்பற்றி ஆள்கிறார்கள். எதிர்ப்புப் படை தற்கொலைத் தாக்குதலில் இறங்குகிறது. குறி, சைலான்களிடம் வேலைக்குச் சேர்ந்த மனிதப் போலீஸ்காரர்கள். அமெரிக்கப் படை ஈராக்கில் இருந்த ஆண்டில், அமெரிக்கப் பார்வையாளரை ஆக்கிரமிக்கப்பட்டவனின் இடத்தில் உட்கார வைத்தார்கள். ஈழத்துச் செய்திகளைக் கேட்டே வளர்ந்த தமிழருக்கு அந்தப் பகுதிகள் வேற்றுக்கிரகத்துக் கதையாகத் தோன்றாது. ஆட்சி போன பிறகு, ஒத்துழைத்தவர்கள் என்று பெயர் குறித்து, தெரிந்தவர்களே தெரிந்தவர்களைக் காற்றில்லாத வெளிக்குள் தள்ளும் பகுதி ஒன்று வருகிறது. யார் பக்கம் நிற்பது என்று அங்கே எனக்குத் தெரியவில்லை. 2009 மார்ச்சில் நியூயார்க்கில் ஐ.நா. தலைமையகத்தில் இந்தத் தொடரின் கலைஞர்களை அழைத்து மனித உரிமை பற்றி ஒரு கலந்துரையாடலே நடத்தினார்கள்.

'பிளாக் மிரர்' பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. 2011-இல் தொடங்கியது முதல் இருளுக்கு அதைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள். இறந்த காதலனை அவன் விட்டுப்போன பதிவுகளிலிருந்து செய்து வாங்கும் பெண்ணின் கதை உண்மையிலேயே பெரிய கதை. ஆனால் அமைப்பில் அது சர்லிங்கின் வழிக்குத் திரும்பிவிட்டது. பயமுறுத்தும், பிறகு விட்டுவிடும்.

நம் ஊருக்கு வருகிறேன். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் வீடுகளுக்குள் வந்தபோது சுவரில் ஒரு கோடு விட்டுச் சென்றது. பழுப்பு நிறத்தில், சில வீடுகளில் மார்பளவு, சில வீடுகளில் தலைக்கு மேல். பொங்கலுக்கு முன் பெரும்பாலான வீடுகளில் அதன் மேல் சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது. என் சித்தப்பா வீட்டில் மட்டும் கதவுக்குப் பின்னால் ஒரு சாண் நீளத்துக்கு அதை விட்டு வைத்திருக்கிறார்கள். பென்சிலால் தேதியும் எழுதியிருக்கிறது. அதே மாதம்தான் 'தி எக்ஸ்பான்ஸ்' தொடர் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கியது. சனியின் வளையங்களிலிருந்து பனிக்கட்டியை ஏற்றி வரும் கப்பலை யாரோ தகர்க்கிறார்கள். சீரிஸ் என்ற குறுங்கோளில் தண்ணீருக்கு ரேஷன். அங்கே பிறந்தவர்களின் எலும்பு பூமியின் ஈர்ப்பைத் தாங்காது. அப்படி ஒருவனைப் பூமியில் கொக்கியில் தொங்கவிட்டு விசாரிக்கிறார்கள். தொங்குவதே சித்திரவதை.

நான் அதைப் பார்த்தது 2019 கோடையில். பூண்டியும் சோழவரமும் புழலும் செம்பரம்பாக்கமும் வறண்டு கிடந்த கோடை. தெருமுனையில் பச்சை, நீல, ஆரஞ்சு பிளாஸ்டிக் குடங்கள் மனிதர்களுக்குப் பதிலாக வரிசையில் நின்றன. பழைய மாமல்லபுரம் சாலையில் சில அலுவலகங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னதற்குக் காரணம் கழிப்பறைக்குத் தண்ணீர் இல்லாதது. ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. அந்த ரயிலைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது எனக்கு அந்தப் பனிக்கட்டிக் கப்பல்தான் நினைவுக்கு வந்தது. தண்ணீரும் சாதித் தூய்மையும் ஒரே மதில் சுவருக்குள் பூட்டப்பட்ட நாட்டைக் காட்டும் 'லெய்லா' என்ற இந்தித் தொடர் வெளியானதும் அந்த ஜூன் மாதமே. அந்தத் தொடரின் வில்லன்கள் எனக்கு எளிதாகத் தெரிந்தார்கள். 'எக்ஸ்பான்ஸில்' வால்வைத் திருப்புகிறவன் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஒருவன். அதுதான் அதிகம் உறுத்தியது.

தமிழில் இந்த வகை இல்லாமலில்லை. சுஜாதா 1980-களில் ஆனந்த விகடனில் எழுதிய 'என் இனிய இயந்திரா' பிறகு தூர்தர்ஷனில் தொடராகவும் வந்தது. இரண்டெழுத்துக்கு மேல் பெயர் வைக்கக்கூடாத நாடு, பிள்ளை பெற அரசின் அனுமதி, குறிப்பிட்ட வயதைத் தாண்டினால் வாழ அனுமதி இல்லை. எல்லோரும் வணங்கும் தலைவர் உண்மையில் இருக்கிறாரா என்பதே கேள்வி. இன்று யாரிடம் கேட்டாலும் ஜீனோ என்ற நாய்க்குட்டி ரோபோவைச் சொல்வார்கள். அந்த நாட்டு முதியவர்களைச் சொல்ல மாட்டார்கள். நானும் மறந்திருந்தேன், இந்தக் கட்டுரைக்காக மீண்டும் படித்தபோது கை நடுங்கியது.

2022-இல் வந்த 'செவரன்ஸ்' இந்த வரலாற்றின் எல்லா நூல்களையும் ஒரு முடிச்சாகப் போடுகிறது. ஒரு நிறுவனம் ஊழியர்களின் மூளையில் சிகிச்சை செய்து நினைவை இரண்டாகப் பிரிக்கிறது. அலுவலகத்தில் நடப்பது வெளியே தெரியாது. வெளியே நடப்பது அலுவலகத்துக்குள் தெரியாது. மார்க் என்பவன் மனைவியை இழந்தவன். நாளுக்கு எட்டு மணி நேரமாவது அந்தத் துக்கம் இல்லாமல் இருக்கலாம் என்றுதான் ஒப்புக்கொள்கிறான். உள்ளே இருக்கும் மார்க்குக்குத் தூக்கம் கிடையாது, ஞாயிற்றுக்கிழமை கிடையாது. லிஃப்ட் கதவு மூடும், உடனே திறக்கும், அவனுக்கு மறுநாள். பழைய தொடர்களின் பாத்திரங்கள் இப்படித்தான் வாழ்ந்தார்கள் என்று தோன்றுகிறது. பகுதிக்கும் பகுதிக்கும் நடுவே அவர்களுக்கு வாழ்க்கை இல்லை. ஹெல்லி என்ற பெண் உள்ளிருந்து ராஜினாமா செய்யப் பார்க்கிறாள். வெளியே இருக்கும் அவளே பதில் அனுப்புகிறாள்: நான் மனுஷி, நீ இல்லை; முடிவெடுப்பது நான். அரக்கனோ சைலானோ சொல்லாத வாக்கியம் அது.

என் அக்காள் மகள் சோழிங்கநல்லூர்ப் பக்கம் மெடிக்கல் கோடிங் வேலை பார்க்கிறாள். நுழையும்போது கைபேசி லாக்கருக்குள் போய்விடும். மேசையில் பேனாவும் காகிதமும் கூடாது. அமெரிக்க நோயாளிகளின் மருத்துவக் குறிப்புகளை வாசித்து ஒவ்வொன்றுக்கும் குறியீட்டு எண் இட வேண்டும். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட குறியீடுகள் இருக்கின்றன. படித்தது எதையும் வெளியே பேசமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாள். பேசவும் மாட்டாள். 'செவரன்ஸ்' பார்க்கச் சொன்னேன். இரண்டு பகுதியோடு நிறுத்திவிட்டாள். நன்றாக இல்லையா என்று கேட்டதற்கு, நன்றாகத்தான் இருக்கிறது மாமா என்றாள்.

போன மாதம் ஒரு சாயங்காலம், அவள் வேலைக்குக் கிளம்புமுன், கலாக்டிகாவின் அந்த முதல் பகுதியைச் சேர்ந்து பார்த்தோம். ஒரு கையில் தட்டு. கழுத்தில் அடையாள அட்டை. ராஸ்லின் பலகையில் கடைசி இலக்கத்தை அழித்துவிட்டு எழுதும் இடத்தில், "இசட் 37.0" என்று மெல்லச் சொன்னாள். என்ன என்று கேட்டேன். பிரசவம் முடிந்ததற்கான குறியீடு மாமா, ஒரு குழந்தை, உயிரோடு என்றாள். கடைசியில் பூச்சியத்துக்குப் பதில் ஒன்று வந்தால்? குழந்தை இறந்து பிறந்தது என்று அர்த்தம். அதை எத்தனை முறை இட்டிருக்கிறாள் என்று நான் கேட்கவில்லை. கீழே வேன் ஹாரன் அடித்தது. தட்டைக் கழுவி வைத்துவிட்டுக் கிளம்பினாள்.